கரையில் இறங்கிய காவல் தெய்வங்கள்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆலய மேடைகளில் பேச வருகின்றவர்கள் பெரிய புராணத்திலிருந்தோ கந்த புராணத்திலிருந்தோ ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு பேசுவது மரபு. நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது அத்தகைய பொருளன்று. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் இத்தீவின் கரையில் எங்கெங்கே தம் தெய்வங்களை இறக்கி வைத்தார்கள், அத்தெய்வங்கள் பின்னர் எங்கெங்கே பெயர்ந்தன என்பதைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். விழா மேடையில் இதற்கென்ன தேவை என்று சிலர் கருதலாம். தேவை உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

1819ஆம் ஆண்டு மே மாதம் ராபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது, பினாங்கிலிருந்து அவருடன் வந்தவர் நாராயண பிள்ளை. இத்தீவில் செங்கற்சூளை அமைத்தவர். வீடு கட்டும் ஒப்பந்தத் தொழிலில் இந்தியருள் முன்னோடி. தம் மக்களுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று அவர் முயன்றபோது, முதலில் ஒதுக்கப்பட்ட நிலம் தெலுக் ஆயரில் இருந்தது. தெலுக் ஆயர் தெரு அக்காலத்தில் கடலைப் பார்த்தபடி அமைந்த கரையோரத் தெரு. கப்பலிலிருந்து படகில் இறங்குவோர் கால் பதித்த இடம் அதுவே. நாகூர் ஆண்டவரின் நினைவாகத் தமிழ் முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை அங்கே தர்கா எழுப்பினார்கள். சீனர்கள் கடல் தெய்வமான மாசுவுக்கு 1839இல் தொடங்கி 1842இல் தியான் ஹோக் கெங் ஆலயத்தைக் கட்டி முடித்தார்கள். கடலைக் கடந்து உயிருடன் வந்து சேர்ந்தவர்கள் கரையில் இறங்கியவுடன் நன்றி சொல்லுவதற்கு வேண்டிய இடங்கள் இவை.

நம் கோயில் மட்டும் ஏன் அக்கரையில் எழவில்லை? தண்ணீர்தான் காரணம். தெலுக் என்றால் மலாய் மொழியில் விரிகுடா, ஆயர் என்றால் நீர். பெயரிலே நீர் இருந்தும், திருமஞ்சனத்திற்கும் பூசைக்கும் போதிய நன்னீர் அந்நிலத்தில் இல்லை. 1821இல் ஸ்டாம்போர்டு கால்வாய்ப் பக்கம் வேறொரு நிலம் கிடைத்தது. 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தில் அந்த இடமும் ஒத்துவரவில்லை. 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் கிடைத்து, 1827இல் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன ஓர் எளிய கோயில் எழுந்தது. அங்கே நாராயண பிள்ளை எழுந்தருளச் செய்த அம்மன் திருவுருவம் அளவிற் சிறியது. சின்ன அம்மன் என்றே வழங்கப்பட்டது. 1843இல் செங்கற் கட்டடம் வந்தது. கோபுரம் அதன்பின் பல ஆண்டுகள் கழித்து வந்தது. இன்று சீனத்தெரு வட்டாரத்தின் நடுவில் அக்கோயில் நிற்பதைக் கண்டு வியப்படையும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு, கோயிலின் இருபுறத்துத் தெருக்களான பகோடா தெருவும் டெம்பிள் தெருவும் அந்தக் கோயிலாலேயே பெயர் பெற்றவை என்பதை நாம் சொல்ல வேண்டும்.

அம்மன்களுள் மாரியம்மனையே அவர்கள் முதலில் நாடியது ஏன் என்பதும் எண்ணத்தக்கது. நாகப்பட்டினம், கடலூர் பக்கங்களிலிருந்து வந்தவர்களே அக்கோயிலைச் சேர்ந்தோருள் மிகுதி. மழைக்கும் அம்மைக்கும் உரியவள் மாரி. கப்பலின் அடித்தளத்தில் நெருங்கிக் கிடந்து வந்தவர்களுக்கு அம்மையும் வாந்திபேதியும் கதையில் கேட்ட செய்திகளல்ல. 1874 முதல் செயிண்ட் ஜான்ஸ் தீவில் நோய்த் தடுப்பு முகாம் நடந்தது. ரஜூலா கப்பலில் வந்த முதியவர்கள் சிலர் அத்தீவின் பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்பதை நான் கண்டிருக்கிறேன். பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் மாரியம்மன் சன்னிதியில் வேப்பிலைக்கு வேலை குறையவில்லை. 2020இல் பெருந்தொற்று வந்து, பொதுமக்கள் கலந்துகொள்ளாமலேயே தீமிதி நடத்த நேர்ந்தபோது, அம்மனுக்கும் நோய்க்கும் உள்ள பழைய உறவு பலருக்கு மீண்டும் நினைவில் வந்திருக்கும்.

அக்கோயில் வழிபாட்டிடமாக மட்டும் இருக்கவில்லை. புதிதாக வந்து இறங்கியவர்கள் வேலை கிடைக்கும்வரை தங்கிய இடமும் அதுவே. இந்துத் திருமணங்களைப் பதிவு செய்யும் உரிமை ஒரு காலத்தில் அக்கோயிலுக்கு மட்டுமே இருந்தது. நம்முள் பலருடைய பாட்டனார், பாட்டியாருடைய திருமணம் அந்தச் சன்னிதியில் நடந்ததாக இருக்கலாம். வீட்டுப் பெட்டியில் தேடிப் பாருங்கள்.

இனித் தீமிதி. 1840 முதல் அங்கே தீமிதி நடந்துவருவதாகச் சொல்வர். ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன்னதாக, சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பக்தர்கள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடந்து சவுத் பிரிட்ஜ் சாலையை அடைகிறார்கள். பூக்குழிக்கு உரியவள் மாரியம்மன் அல்லள், திரௌபதியம்மன் என்பது நம் இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். செஞ்சியைச் சுற்றியும் அங்கிருந்து கடலோரம் வரையிலும் திரௌபதியம்மன் வழிபாடு செழித்த நாடு அது. பாரதக் கதையைப் பல நாள் படித்து, கூத்தாக நடித்து, முடிவில் தீயில் இறங்கும் முறை அம்மண்ணுக்கு உரியது. அம்முறை இங்கேயும் சிதையாமல் வந்திருக்கிறது. கொடியேற்றம், திரௌபதி அர்ச்சுனன் திருமணம், அரவான் களப்பலி என்று வாரக்கணக்கில் நடைபெறும் நிகழ்ச்சிகளின் கடைசிக் கட்டமே நாம் தொலைக்காட்சியில் காணும் தீமிதி. ஒரு மாலைக் காட்சியாக அதைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் கதையின் இறுதிப் பக்கத்தை மட்டும் படித்தவர்களாகிறார்கள்.

முற்காலத்தில் ஆல்பர்ட் தெருப் பக்கமும் தீமிதி நடந்தது. அத்தெருவைத் தமிழர்கள் தீமிதித் திடல் என்றே அழைத்தனர். இன்று அங்கே கடைத்தொகுதிகளும் அலுவலகக் கட்டடங்களும் நிற்கின்றன. பழைய பெயரைத் தெருப்பலகையில் தேடினால் கிடைக்காது. வயதானவர்களிடம் கேட்டால் ஒருவேளை கிடைக்கும்.

பெயர்களைப் பற்றிப் பேசத் தொடங்கியதால் அதிலேயே சற்றுத் தங்குகிறேன். என் உரையின் நடுப்பகுதி இதுதான். 1881இல் தோன்றிய ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தைப் பழைய மக்கள் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்றார்கள். கம்பம் என்பது கம்போங் என்ற மலாய்ச் சொல்லைத் தமிழ் நாக்கு வளைத்துக்கொண்ட வடிவம். சிராங்கூன் சாலைப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அங்கே உழைத்தவர்கள் நம்மவர்கள். இந்நகரத்துப் பழைய சுவர்களில் அவர்கள் வேகவைத்த சுண்ணாம்பு இருக்கிறது. காளவாய் மறைந்து எத்தனையோ காலமாயிற்று. ஆனால் அப்படி ஒரு தொழில் அங்கே நடந்தது, அதைச் செய்தவர்கள் தமிழ் பேசினார்கள் என்பதை அந்த ஒரு பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கியோங் சாய்க் சாலையில் ஸ்ரீ லயன் சித்தி விநாயகர் ஆலயம் இருக்கிறது. 1925இல் செட்டியார் பெருமக்கள் கட்டிய கோயில். லயன் என்றால் சிங்கம் என்று ஒரு மாணவன் என்னிடம் விளக்கினான். சிங்கப்பூர் என்பதால் பொருத்தமாகத்தான் இருக்கிறது! உண்மையில் அது வரிசை வீடுகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் உச்சரிப்பு. ஊட்ரம் பக்கத்தில் சிப்பாய்களின் குடியிருப்பு வரிசை இருந்தது. மதராஸிலிருந்து வந்த சிப்பாய் வழிபட்ட பிள்ளையார் அங்கிருந்து வந்தவர். படை போய்விட்டது, வரிசை வீடுகளும் போய்விட்டன. பிள்ளையார் மட்டும் தம் பழைய முகவரியைப் பெயரில் சுமந்துகொண்டு அமர்ந்திருக்கிறார்.

சிராங்கூன் சாலை ஸ்ரீ வடபத்திர காளியம்மனை எடுத்துக்கொள்ளுங்கள். வடபத்திரம் என்பது ஆலிலை. 1830இல் பக்தை ஒருவர் குளத்தருகே நின்ற ஆலமரத்தடியில் அம்மன் படமொன்றை வைத்து வழிபட்டதே அக்கோயிலின் தொடக்கம் என்று ஆலய வரலாறு கூறுகிறது. ஸ்தபதி இல்லை, சிவாசாரியார் இல்லை, நிலப்பட்டா இல்லை. ஒரு மரமும் ஒரு படமும் ஒரு பெண்ணின் நம்பிக்கையும் இருந்தன. வாட்டர்லூ தெரு ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் 1870இல் ஆலமரத்தடியில் தொடங்கியதே. அதன் அண்டை வீடாக விளங்கும் குவான் இம் ஆலயத்திற்கு வரும் சீன அன்பர்கள், கண்ணனுக்கும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுப் போவதைத் தினமும் காணலாம்.

கரையோரத்தில் இத்தகைய கலப்பு இன்னும் மிகுதி. சாங்கி கிராமத்தில் இருக்கும் ஸ்ரீ ராமர் ஆலயம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒரு மரத்தடியில் தோன்றியது. அங்கே இராமபிரானோடு புத்தருக்கும் குவான் இம் அன்னைக்கும் சன்னிதிகள் உள்ளன. லோயாங் கடற்கரையில் 1980களில் கைவிடப்பட்டுக் கிடந்த பல சமயத்துத் திருவுருவங்களை நண்பர்கள் சிலர் எடுத்து ஒரு தகரக் கொட்டகையில் வைத்தனர். அதுவே இன்றைய லோயாங் துவா பெக் கோங் ஆலயம். 1996இல் தீப்பற்றி எரிந்தபின் மீண்டும் கட்டப்பட்டு, 2007இல் புதிய இடத்திற்குச் சென்றது. அங்கே விநாயகருக்கும் சன்னிதி உண்டு. மலாய் மரபைச் சேர்ந்த டத்தோவுக்கும் இடம் உண்டு. இதை ஆகமத்தில் எங்கே கண்டீர் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடல் ஒதுக்கிய தெய்வத்தைக் காலால் தாண்டிப் போகக் கூடாது என்று எண்ணியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது முனீஸ்வரரிடம் வருவோம். 1932இல் மலாயா இரயில்வேயில் வேலை செய்த நம் தொழிலாளர்கள், குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தின் அருகே முனீஸ்வரரை எழுந்தருளச் செய்தார்கள். எல்லையைக் காப்பவர் முனி. ஊரெல்லையில் நிற்க வேண்டியவர் இங்கே இரயில் பாதையோரத்தில் நின்றார். அக்கோயில் பின்னர்க் காமன்வெல்த் டிரைவுக்கு மாறி, 1998இல் குடமுழுக்குக் கண்டு, இன்று பெரிய ஆலயமாக விளங்குகிறது. தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் கடைசி இரயில் புறப்பட்டது. அதன்பின் தண்டவாளமும் பெயர்க்கப்பட்டு, அப்பாதை மக்கள் உலாவும் பசுமை வழியாகிவிட்டது. அலெக்சாண்டிரா செங்கற்சூளைத் தொழிலாளர்கள் வணங்கிய ருத்ர காளியம்மன் இப்போது டெப்போ சாலையில் எழுந்தருளியிருக்கிறாள், சூளை இல்லை. செம்பவாங் கடற்படைத் தளத்தின் தொழிலாளர்கள் 1960களில் ஒரு மரத்தடியில் வணங்கிய முருகன், 1996இல் யீஷூனுக்கு வந்து புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் என்று வழங்கப்படுகிறார்; பிரிட்டிஷ் படை 1971இலேயே விலகிவிட்டது. புனித மரம் என்ற பெயரில் அந்தப் பழைய மரம் இன்னும் நிற்கிறது.

கோயில்கள் இடம் பெயர்ந்த வரலாற்றை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. சிறிய தீவு இது. வீடுகளும் சாலைகளும் பெருவிரைவு இரயிலும் வேண்டும். தோபி காட்டில் இருந்த ஸ்ரீ சிவன் கோயில், இரயில் பணிகளுக்காக 1983இல் இடம் விட்டு, சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் பத்தாண்டுக் காலம் தற்காலிகமாகத் தங்கி, 1993இல் கேலாங் ஈஸ்டில் நிலைபெற்றது. கிள்ளினி சாலைப் பகுதியில் தோன்றிய வைரவிமட காளியம்மன், சாமர்செட் வழியாகத் தோ பாயோவுக்கு வந்தாள். செங்காங்கில் வேல்முருகனும் ஞானமுனீஸ்வரரும் ஒரே ஆலயத்தில் இணைந்து, இருவர் பெயரும் சேர்ந்தே ஆலயப் பெயராக அமைந்திருக்கிறது. கலாகர்ஷணம் செய்து, மூர்த்தியின் ஆற்றலைக் கும்ப நீரில் ஏற்றி, பாலாலயத்தில் வைத்துக் காத்து, புதிய ஆலயத்தில் மீண்டும் நிலைநிறுத்த நம் சாத்திரத்தில் வழி இருக்கிறது. மூர்த்தி பெயரலாம். மரம் பெயராது. மண் பெயராது. அந்த மண்ணில் வேர்வை சிந்தியவர்களின் நினைவைக் கும்பத்தில் ஏற்றுவதற்குச் சாத்திரம் ஏதும் சொல்லவில்லை. அது நம் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். அத்தாப்புக் கொட்டகையில் சூலமும் கல்லுமாக இருந்த தெய்வத்திற்குக் கற்கோயில் வரும்போது, விநாயகரும் நவக்கிரகங்களும் உடன் வருகிறார்கள். உடுக்கை போய் நாதசுரம் வருகிறது. பூசாரி விலகி அர்ச்சகர் வருகிறார். இதில் தவறொன்றும் இல்லை. தாம் வாழ்ந்த வாழ்வைவிடத் தம் தெய்வம் நன்றாக வாழ வேண்டும் என்று அந்தத் தொழிலாளர்களே ஆசைப்பட்டார்கள். ஆயினும் சுருட்டுப் படைத்த முனியையும், குழந்தையைக் காக்கும் பெரியாச்சியையும் சிறுதெய்வம் என்று ஒதுக்கிப் பேசும் வழக்கம் நம்மிடையே வளர்வது எனக்கு உடன்பாடன்று. முப்பது நாள் நிறைந்த குழந்தையைப் பட்டதாரித் தாய்மார்கள் பெரியாச்சி சன்னிதிக்குத்தான் முதலில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மருத்துவ வசதி இல்லாத குடியிருப்புகளில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு அவளைத் தவிர வேறு துணை இல்லாத காலம் ஒன்று இருந்தது. அவளை எப்படிச் சிறியவள் என்பது?

தொடக்கத்தில், இதைப் பேச ஒரு தேவை உண்டு என்றேன். அதற்கு வருகிறேன்.

கடந்த பல ஆண்டுகளாக நான் கும்பாபிஷேக மலர்களைச் சேர்த்து வருகிறேன். பல ஆலயங்களின் மலர்கள் என்னிடம் உள்ளன. வாழ்த்துச் செய்திகள் இருக்கும், விளம்பரங்கள் இருக்கும், யாகசாலை அட்டவணை இருக்கும், நன்கொடையாளர் பட்டியல் இருக்கும். ஐந்து வெள்ளி கொடுத்தவர் பெயரும் தலைப்பெழுத்துடன் பிழையில்லாமல் அச்சாகியிருக்கும், அது சரியே. ஆலய வரலாறு என்ற பக்கத்தைப் புரட்டினால், "முற்காலத்தில் சில அன்பர்களால்" என்று தொடங்கி மூன்றாம் பத்தியில் கட்டட நிதிக்கு வந்துவிடும். முதல் விளக்கை ஏற்றியவர் "சில அன்பர்கள்" என்ற இரண்டு சொல்லுக்குள் மறைந்துவிடுகிறார். 1819இல் வந்த நாராயண பிள்ளையைப் பற்றி நமக்குத் தெரிகிறது. ஏனெனில் அரசாங்கத்தோடு அவருக்குத் தொடர்பு இருந்தது, ஆவணம் இருந்தது. சூளையிலும் துறைமுகத்திலும் நாட்கூலிக்கு வேலை செய்தவர்கள் கட்டிய கோயிலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்களுடைய ஆவணம் அவர்களின் பிள்ளைகள்தான். 1960களில் மரத்தடிப் பூசையைக் கண்ட பிள்ளைகளுக்கு இன்று எழுபது வயதாகிறது.

நமது ஆலயமும் மரத்தடியில் தொடங்கியதே. ஆனால் அது என்ன மரம் என்று மேலாண்மைக் குழுவில் கேட்டேன். ஒருவர் வேம்பு என்றார், ஒருவர் அரசு என்றார், மூன்றாமவர் இரண்டும் பின்னி நின்றதாகச் சொன்னார். மூவரும் நேரில் கண்டவர்களல்லர். கண்டவர்கள் இந்த மண்டபத்தில் இப்போது அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்து வருகிறது. கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையமும் இருக்கிறது. அவர்கள் தம் பணியைச் செய்யட்டும். ஒவ்வொரு குடும்பத்திடமும் அவர்கள் வர இயலாது. நம்மால் இயலும்.

ஆகவே செயலாளரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன்; அவரும் இசைந்திருக்கிறார். நாளை முதல் விழா முடியும்வரை, மாலைப் பூசைக்குப் பின் அன்னதானக் கூடத்தின் வாசலில் ஒரு மேசையும் ஒரு பெரிய குறிப்பேடும் இருக்கும். அம்மன் முதலில் எந்த இடத்தில் இருந்தாள், எந்த மரம், யார் பூசை செய்தார், அவர் என்ன வேலை பார்த்தார், தாயகத்தில் எந்த ஊர், எந்தக் கப்பல், என்ன படைத்தார்கள், உடுக்கையடித்துப் பாடியவர் யார், அப்பாட்டில் நினைவிருக்கும் அடிகள் எவை என்று கேட்டு எழுத இளைஞர்கள் இருவர் இருப்பார்கள். ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும் முரண்பட்டால் இரண்டையும் எழுதுவார்கள். பழைய புகைப்படங்கள் இருந்தால் கொண்டுவாருங்கள். அங்கேயே படி எடுத்துக்கொண்டு உங்கள் கையில் திருப்பித் தருவார்கள். கண் பார்வை மங்கிய பெரியவர்களைப் பேரப்பிள்ளைகள் கைப்பிடித்து அழைத்து வரும்படி கேட்டுக்கொள்கிறேன். எட்டு மணிக்கு மேல் கூட்டம் மிகுதியாக இருக்கும். முதியவர்கள் ஏழரை மணிக்கே வந்துவிடுவது நல்லது.